வீட்டு மீடியா சர்வர்: எதை வாங்குவது, எதை நிறுவுவது, எந்த வரிசையில்

படங்களும் பாட்டுகளும் குடும்ப வீடியோக்களும் நாலைந்து பென்டிரைவிலும் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்கிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து, ஹால் டிவியிலும் படுக்கையறை டேப்லெட்டிலும் கைப்பேசியிலும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது.

முதல்முறை கட்டுபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பெரிய பிராசஸராகத் தேடி வாங்கி, மீந்த பணத்தில் டிஸ்க் போட்டு, கடைசியில் பார்த்தால் டிவியில் படம் திக்கித் திக்கி ஓடும். சரியான வரிசை இதற்கு நேரெதிர்: முதலில் திரை, அடுத்து டிஸ்க், அதற்கப்புறம்தான் பிராசஸர்.

1. டிவியின் முன் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சோதியுங்கள்

மீடியா சர்வர் ஒரு கோப்பை மூன்று விதமாக அனுப்பும். டிவிக்கு அந்தக் கோப்பு அப்படியே புரிந்தால் உள்ளது உள்ளபடி அனுப்பும். இது டைரக்ட் பிளே. உள்ளே இருக்கும் வீடியோவும் ஆடியோவும் புரிகின்றன, எம்கேவி போன்ற மேலுறை மட்டும் புரியவில்லை என்றால் உறையை மாற்றி அனுப்பும், இது ரீமக்ஸ். இந்த இரண்டுக்கும் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரே தாராளம். மூன்றாவது டிரான்ஸ்கோடிங். வீடியோவை முழுவதும் பிரித்து, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறையில்) மறுபடி கட்டுவது. பிராசஸருக்கு ஆகும் செலவெல்லாம் இந்த மூன்றாவதுக்குத்தான். டிரான்ஸ்கோடிங் தேவைப்படாத வீட்டில் அந்தச் செலவே வேண்டாம்.

ஆகவே எதையும் வாங்குமுன் உங்கள் கோப்புகளில் ஏழெட்டு வகையைத் தேர்ந்தெடுத்து, ஒரு பென்டிரைவில் போட்டு டிவியில் செருகி ஓட்டிப் பாருங்கள். எச்.264 கோடெக்கில் 1080பி ஒன்று, எச்.265 கோடெக்கில் 10-பிட் (நிற நுணுக்கம் கூடியது) ஒன்று, 4கே எச்டிஆர் (ஒளி வீச்சு அதிகமுள்ளது) ஒன்று, ஏவி1 கோடெக்கில் ஒன்று, டிடிஎஸ் ஒலியுள்ளது ஒன்று, சப்டைட்டில் உள்ளவை இரண்டு. டிவிக்குள் இருக்கும் பிளேயரும் சர்வர் ஆப்பும் எல்லா விஷயத்திலும் ஒன்றாக நடந்துகொள்ளாது. ஆனாலும் எங்கே இடிக்கும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

சப்டைட்டில். புதியவர்கள் எதிர்பார்க்காதது இதுதான். எஸ்ஆர்டி என்பது வெறும் எழுத்து. டிவியே திரையில் வரைந்துகொள்ளும். ப்ளூரே டிஸ்கிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் படவடிவம். பல ஆப்களுக்கு அதை வரையத் தெரியாது. உடனே சர்வர் அந்த எழுத்தை வீடியோவின் மேலேயே பதித்து அனுப்ப முயலும். அதற்காக முழுப் படத்தையும் டிரான்ஸ்கோடிங் செய்யும். சப்டைட்டிலை நிறுத்தினால் நன்றாக ஓடும் படம், போட்டதும் திணறுகிறது என்றால் காரணம் இதுவே. எஸ்ஆர்டி கோப்பு ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது.

டிடிஎஸ் ஒலி. பல டிவிகளில் இது வேலை செய்யாது. பயப்பட ஒன்றுமில்லை: ஒலியை மட்டும் மாற்றுவது பிராசஸருக்குத் தூசு.

டால்பி விஷன். இது எச்டிஆரின் ஒரு வடிவம். இதில் புரொஃபைல் 5 என்ற வகை, டால்பி விஷன் தெரியாத திரையில் பச்சையும் ஊதாவுமாகத் தெரியும். டிவி கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோப்பே அப்படி. புரொஃபைல் 7, 8 வகைகள் பெரும்பாலும் சாதாரண எச்டிஆராக ஓடிவிடும்.

நெட்வொர்க் துளை. 4கே டிவிகளில்கூட லேன் துளை 100 மெகாபிட்டாகவே இருப்பது சகஜம். இதை ஏழாவது படியில் விரிவாகப் பார்க்கலாம்.

டிவியின் சொந்த ஆப் பாதிக் கோப்புகளில் தடுமாறினால், சர்வரைப் பெரிதாக்குவதைவிட நல்ல ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்றை டிவியோடு இணைப்பது மலிவு. பலர் இதை ஒப்புக்கொள்ள மறுத்துத் தேவையில்லாமல் கிராஃபிக்ஸ் கார்டு வாங்குகிறார்கள்.

2. எவ்வளவு இடம் வேண்டும் என்று எழுதிக் கணக்குப் போடுங்கள்

தோராய அளவுகள்: எச்.265இல் சுருக்கிய 1080பி படம் 2 முதல் 8 கிகாபைட். ப்ளூரேயிலிருந்து சுருக்காமல் எடுத்தது 20 முதல் 40. 4கே ப்ளூரேயிலிருந்து சுருக்காமல் எடுத்தது 50 முதல் 90. ஃபிளாக் வடிவில் ஒரு இசை ஆல்பம் 300, 400 மெகாபைட்.

இப்போது இருப்பதைக் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். அதுவே முதல் டிஸ்கின் அளவு. ஐந்து வருடத்துக்கும் சேர்த்து இன்றே வாங்கி வைப்பதில் லாபமில்லை. காலி டிஸ்கும் மின்சாரம் தின்னும், வாரண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். டிஸ்க் தயாரிப்பாளர் 8 டெராபைட் என்று அட்டையில் போட்டிருப்பது கம்ப்யூட்டரில் 7.27 என்று தெரியலாம். ஏமாற்று வேலை கிடையாது; அவர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், சில மென்பொருள்கள் 1024ஆல் எண்ணுகின்றன. அதோடு டிஸ்க் 85, 90 சதவீதம் நிறைந்ததும் புதியது வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே தாளில் இன்னொரு கோடும் போடுங்கள். ஒரு பக்கம், போனாலும் திரும்பக் கிடைப்பவை: உங்களிடம் டிஸ்க் உள்ள படங்கள், இசை. மறுபக்கம், போனால் போனதுதான் என்பவை: கல்யாண வீடியோ, குழந்தை முதலில் நடந்த வீடியோ, தாத்தாவின் குரல் பதிவு. இரண்டாம் பக்கம் பொதுவாகச் சில நூறு கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பேக்கப் செலவை அதற்குச் செய்யுங்கள்.

3. பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்

நாலு வழி உண்டு.

பழைய லேப்டாப் அல்லது டெஸ்க்டாப்: கையில் இருந்தால் முதல் ஒரு மாதம் இதில் ஓட்டிப் பழகுங்கள். டெஸ்க்டாப்பின் குறை மின்சாரம். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 43 யூனிட் ஆகும். 10 வாட் மினி பிசிக்கு அதே கணக்கு 7 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். 'இலவசமாகக் கிடைத்த' பெட்டி ஓரிரு வருடத்தில் புது மினி பிசியின் விலையைத் தின்றுவிடக்கூடும். லேப்டாப் என்றால் பேட்டரியைக் கவனியுங்கள். வருடக்கணக்காக சார்ஜரிலேயே கிடக்கும் பேட்டரி உப்பும். சார்ஜ் வரம்பை 60 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள். டச்பேட் மேலெழும்பியது போலத் தெரிந்தால் அன்றே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

மினி பிசி: பெரும்பாலோருக்கு இதுவே சரி. இன்டெல் என்100 சிப் போட்டவை, அல்லது அலுவலகங்கள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் மினி பிசிக்கள்.

ராஸ்பெர்ரி பை: டிரான்ஸ்கோடிங் வேண்டாம் என்று முதல் படியில் உறுதியானவர்களுக்கு மட்டும். பை 5இல் வீடியோ என்கோடிங்குக்கான (சுருக்கி எழுதுவதற்கான) வன்பொருளே கிடையாது, எச்.264ஐ விரித்துப் படிக்கும் டிகோடரையும் எடுத்துவிட்டார்கள். தவிர, பையோடு பவர் அடாப்டர், உறை, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தால் மினி பிசி விலையை நெருங்கிவிடும்.

ரெடிமேட் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி): டிஸ்கை மாட்டினால் ஓடும், சத்தம் குறைவு, பராமரிப்பு சுலபம். அதே பணத்துக்குக் கிடைக்கும் பிராசஸர் பலவீனமாக இருக்கும். வாங்குமுன் பிராசஸரின் பெயரைத் தேடிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ரைசன் ஆர்1600 போட்ட பெட்டிகளில் கிராஃபிக்ஸ் பகுதியே இல்லை. வன்பொருள் டிரான்ஸ்கோடிங் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அந்தப் பெட்டி எந்தெந்த டிஸ்குகளை ஏற்கும் என்ற பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

இனி பிராசஸர். வீடியோ மாற்றும் வேலையைச் செய்வது இன்டெல் சிப்பின் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி. அதில் உள்ள குயிக் சிங்க் என்ற வசதி. ஆகவே எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதைவிட எந்தத் தலைமுறை என்பதே கேள்வி. 6ஆம் தலைமுறை எச்.265ஐ 8-பிட்டில் மட்டும் கையாளும். 7ஆம் தலைமுறையிலிருந்து 10-பிட் எச்.265 வந்துவிட்டது, 4கே எச்டிஆர் படங்கள் இந்த வகைதான். 11ஆம் தலைமுறையிலிருந்து ஏவி1 கோப்புகளைப் படிக்க முடியும். என்100ம் படிக்கும். 7ஆம் தலைமுறைக்குக் கீழே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகப் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் என்பதால் 7ஆம் தலைமுறைப் பெட்டிகளை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். லினக்ஸ் போடப்போகும் நமக்கு அதனால் நஷ்டமில்லை. ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்த இன்டெல் சிப்பில் கிராஃபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. கேமிங் பெட்டிகளில் இது அதிகம்.

ராம் 8 கிகாபைட் போதும். 16 இருந்தால் வேறு சில சேவைகளையும் சேர்த்து ஓட்டலாம். சிஸ்டத்துக்கு 256 கிகாபைட் எஸ்எஸ்டி ஒன்று தனியாக இருக்கட்டும். போஸ்டர் படங்கள், டேட்டாபேஸ், வீடியோவை நகர்த்தும்போது தெரியும் சிறுபடங்கள் எல்லாம் இதில்தான் சேரும். பெரிய நூலகத்துக்குப் பத்து, இருபது கிகாபைட் எளிதில் போகும். இவற்றை ஹார்டு டிஸ்கில் வைத்தால் டிவியில் மெனு நகர்வதே எரிச்சலாகிவிடும்.

4. டிஸ்க்: பணத்தின் பெரும்பகுதி இங்கே போகட்டும்

ஹார்டு டிஸ்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என இரு பதிவு முறைகள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஓர் இடத்தை மாற்றி எழுதப் பக்கத்துத் தடங்களையும் எழுத வேண்டும். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் படக் கிடங்குக்கு, தனி டிஸ்காக இது சமாளிக்கும். பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டிலோ இசட்எஃப்எஸ்ஸிலோ போட்டால், பழுதான டிஸ்கை மாற்றி மறுகட்டமைக்கும்போது நாள்கணக்கில் இழுக்கும், நடுவில் கழன்றும்விடும். 'நாஸ் டிஸ்க்' என்ற லேபிளை மட்டும் நம்ப வேண்டாம்: டபிள்யூடி ரெட் வரிசையின் சில மாடல்களே எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளியே வந்தது. ரெட் பிளஸ், சீகேட் அயன்வூல்ஃப் வரிசைகள் சிஎம்ஆர். மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரத்தாளில் சரிபார்த்து வாங்குங்கள்.

மினி பிசியில் 3.5 அங்குல டிஸ்க் உள்ளே போகாது. யுஎஸ்பி உறை வேண்டும். தனி பவர் அடாப்டர் உள்ள உறையாகப் பாருங்கள். யுஎஸ்பி ஹப்பில் இரண்டு டிஸ்கைத் தொங்கவிடுவதுதான் 'நடுராத்திரியில் டிஸ்க் காணாமல் போகிறது' என்ற புகாரின் முதல் காரணம்.

எக்ஸ்டர்னல் டிஸ்கை வாங்கி, உறையைப் பிளந்து உள்ளே உள்ளதைப் பயன்படுத்துவோர் உண்டு. மலிவுதான். பிளந்த பிறகு வாரண்டி கேட்டால் தகராறு வரும். சில டிஸ்குகள் சாட்டா பவர் கேபிளின் 3.3 வோல்ட் இணைப்பால் சுழலவே மறுக்கும். அந்த மூன்றாவது பின்னைக் காப்புநாடாவால் மறைத்தால் சுழலும்.

டிஸ்க் வந்த அன்றே செய்ய வேண்டியவை: பில்லையும் டிஸ்கின் மேலுள்ள சீரியல் எண்ணையும் படம் எடுங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டு, முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியது என்று விற்ற டிஸ்கின் வாரண்டி ஏற்கெனவே பாதி முடிந்திருந்தால் திருப்பிக் கொடுக்க இதுவே ஆதாரம். அடுத்து டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' வசதியின் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள். 8 டெராபைட்டுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். முடிந்ததும் அறிக்கையில் பழுதான இடங்களை எண்ணும் எண் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். புது டிஸ்கில் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதை முடித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருந்து, பிறகு பழுது கண்டுபிடிப்பதில் அர்த்தமில்லை.

ரெய்டு வேண்டுமா? ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் படம் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. தவறுதலாக அழித்த ஃபோல்டரை அது திருப்பித் தராது. அழித்ததை எல்லா டிஸ்கிலும் ஒழுங்காக அழிக்கும். இரண்டே டிஸ்க் வைத்திருப்பவர் ஒன்றில் நூலகத்தை வைத்து, மற்றதில் வாரம் ஒருமுறை நகல் எடுப்பது நல்லது. மூன்று நாலு டிஸ்க் ஆனபிறகு மெர்ஜர்எஃப்எஸ், ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருள் ஜோடியைப் பாருங்கள். அளவு வேறுபட்ட டிஸ்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும். பாரிட்டி டிஸ்க் (செத்த டிஸ்கை மீட்க உதவும் கணக்கை வைத்திருப்பது) மட்டும் மற்ற எதைவிடவும் சிறியதாக இருக்கக்கூடாது. ஒரு டிஸ்கும் பாரிட்டியும் சேர்ந்து போனாலும் மற்றவற்றில் உள்ள கோப்புகள் தனித்தனியாக அப்படியே படிக்கக் கிடைக்கும். மீடியாவுக்கு அந்த நிம்மதி பெரிது.

5. சர்வர் மென்பொருள்

ஜெல்லிஃபின் (Jellyfin), பிளெக்ஸ் (Plex), எம்பி (Emby). மூன்றும் செய்யும் அடிப்படை வேலை ஒன்றே: கோப்புகளைப் படித்து, போஸ்டரும் கதைச்சுருக்கமும் சேர்த்து, ஆப்பில் காட்டி, ஓட்டுவது.

ஜெல்லிஃபின் முழு இலவசம், திறந்த மூலம். 2018 டிசம்பரில் எம்பியிலிருந்து பிரிந்து வந்தது. வன்பொருள் டிரான்ஸ்கோடிங் உட்பட எதற்கும் காசில்லை. யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டாம். குறை: எல்லா டிவிகளின் ஆப் கடையிலும் கிடைத்துவிடாது. உங்கள் டிவியில் இன்றே தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிளெக்ஸின் ஆப் ஏறக்குறைய எல்லாத் திரையிலும் உண்டு, பயன்படுத்துவதும் எளிது. கம்ப்யூட்டர் என்றாலே ஒதுங்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இது ஒரு வாதம். ஆனால் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கு பிளெக்ஸ் பாஸ் சந்தா வேண்டும். 2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து உங்கள் சொந்த வீடியோவைப் பார்ப்பதற்கும் கட்டணம். உள்நுழைவும் அந்த நிறுவனத்தின் சர்வர் வழியே என்பதை மனதில் வையுங்கள்.

எம்பி இரண்டுக்கும் நடுவில்: வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கு எம்பி பிரீமியர் சந்தா, மூலநிரல் மூடியது.

ஒரே ஒரு டிவி, வேறு எங்கும் பார்க்கப் போவதில்லை என்றால் இவை எதுவுமே வேண்டாம். டிஸ்கை நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டு, ஆண்ட்ராய்டு பெட்டியில் கோடி (Kodi) ஆப் போட்டால் போதும். சர்வர் என்ற சொல்லில் மயங்கி இந்த எளிய வழியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முடிவு செய்ய முடியாவிட்டால் ஜெல்லிஃபினில் தொடங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் அதே ஃபோல்டர்களை பிளெக்ஸுக்குக் காட்டலாம். கோப்புகளை நகர்த்தவே வேண்டாம். ஒரே பெட்டியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டியும் பார்க்கலாம்.

6. இயங்குதளம்

விண்டோஸில் ஓடும். ஆனால் அப்டேட் என்று தானே மறுதொடக்கம் செய்யும், லாகின் திரையில் நின்றுவிட்டால் சில அமைப்புகளில் சர்வர் கிளம்பாது. டெபியன் அல்லது உபுண்டு சர்வர் போட்டால் மாதக்கணக்கில் மறந்துவிடலாம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தயக்கம் என்றால் டெபியன் மேல் கட்டிய ஓபன்மீடியாவால்ட். எல்லாம் பிரவுசரிலேயே நடக்கும். அன்ரெய்டும் எளிது, உரிமத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்.

டிஸ்கின் கோப்பு அமைப்பு: லினக்ஸ் பெட்டியோடு நிரந்தரமாக இருக்கப்போகும் டிஸ்க் என்றால் ஈஎக்ஸ்டி4. விண்டோஸிலிருந்து வந்த என்டிஎஃப்எஸ் டிஸ்கை அப்படியே மாட்டி ஓட்டுவதால் அனுமதிச் சிக்கல் வரும். மின்சாரம் போய் வந்தால் 'படிக்க மட்டும்' நிலையில் மாட்டிக்கொள்ளும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதால், காலி டிஸ்கிலிருந்து தொடங்கி வரிசையாக மாற்றுங்கள்.

7. நெட்வொர்க்

சர்வர் கேபிளில்தான் இருக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். ரௌட்டர் பக்கத்திலேயே சர்வரை வைத்து, கேட்-5இ அல்லது கேட்-6 கேபிளால் கிகாபிட் துளையில் செருகுங்கள்.

ஒரு படத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று அறிய: அளவை கிகாபைட்டில் எடுத்து 8000ஆல் பெருக்கி, ஓடும் நேரத்தை விநாடியாக்கி அதனால் வகுங்கள். 2 மணி நேரம் ஓடும் 8 கிகாபைட் படம்: 64,000ஐ 7,200ஆல் வகுத்தால் சுமார் 9 மெகாபிட். 60 கிகாபைட் 4கே படம்: சுமார் 67 மெகாபிட். இது சராசரி மட்டுமே. சண்டைக் காட்சி, மழைக் காட்சி என்று வந்தால் 100ஐத் தாண்டித் துள்ளும். டிவியின் 100 மெகாபிட் துளையில் உண்மையாகப் போவது 94, 95தான். அதனால்தான் படம் முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடி, சரியாகச் சண்டைக் காட்சியில் நிற்கும். இப்படிப்பட்ட டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கேபிளைவிட நன்றாக ஓடும். வினோதம்தான், ஆனால் கணக்கு அப்படி.

ரௌட்டரில் சர்வருக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். செய்யாவிட்டால் மின்சாரம் போய் வரும் ஒரு நாளில் முகவரி மாறி, எல்லா ஆப்பும் 'சர்வர் இல்லை' என்று சொல்லும்.

8. நிறுவும் வரிசை, ஆகும் நேரம்

சனிக்கிழமை காலை தொடங்கினால் ஞாயிறு இரவு முதல் படம் பார்க்கலாம். டிஸ்க் சோதனை அதற்கு முந்தைய இரவே முடிந்திருக்கட்டும்.

இயங்குதளம் நிறுவ ஒரு மணி நேரம். டிஸ்கை நிலையாக மவுன்ட் செய்ய (ஒரு ஃபோல்டர் பாதையில் இணைக்க) அரை மணி. டிஸ்கின் யூயூஐடி என்ற மாறாத அடையாள எண்ணைக் கொண்டு, எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் வரி எழுதுங்கள். டிஸ்க் பெயரைக் கொண்டு எழுதினால் யுஎஸ்பி துளை மாற்றியதும் குழம்பிவிடும். அந்த வரியில் 'நோஃபெயில்' (nofail) என்ற விருப்பத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் டிஸ்க் கழன்றிருந்தால் பெட்டியே பூட் ஆகாது. அதே சமயம் இதில் ஒரு பொறி உண்டு: டிஸ்க் மவுன்ட் ஆகாத நேரத்தில் அதே பாதையில் கோப்புகளைக் கொட்டினால், அவை சிஸ்டம் எஸ்எஸ்டியில் விழுந்து அதை நிரப்பிவிடும்.

கோப்புகளை நகலெடுப்பதுதான் நீளம். கிகாபிட்டில் விநாடிக்கு சுமார் 110 மெகாபைட். 4 டெராபைட்டுக்கு 10 மணி நேரம். நடுவில் எங்காவது 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று ஒளிந்திருந்தால் அதே வேலை நாலு நாள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு வேகத்தைப் பாருங்கள். விநாடிக்கு 11 மெகாபைட் என்று காட்டினால் நிறுத்திவிட்டுக் கேபிளைத் தேடுங்கள். முடிந்தால் டிஸ்கை நேராகப் பெட்டியிலேயே செருகி நகலெடுங்கள்.

அடுத்து ஜெல்லிஃபின். நிறுவியபின் பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியோடு 8096 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறக்க வேண்டும். பிளெக்ஸ் என்றால் 32400. நூலகம் சேர்த்தும் எதுவுமே தெரியவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு அனுமதிச் சிக்கல்தான். ஜெல்லிஃபின் தனக்கென்று ஒரு பயனர் பெயரில் ஓடுகிறது; கோப்புக்கு மட்டுமல்லாமல் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைய அதற்கு அனுமதி வேண்டும். டெஸ்க்டாப் லினக்ஸ் தானாக மவுன்ட் செய்யும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் இது இருக்காது.

9. பெயர் வைக்கும் வேலை

சலிப்பான வேலை, பல மாலைகள் போகும். ஆனால் தவிர்த்தால் நூலகமே குப்பை. ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர். ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஒரே பெயர். பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் வெளியான வருடம். தமிழில் ஒரே தலைப்பில் இருபது முப்பது வருட இடைவெளியில் இரண்டு மூன்று படங்கள் இருப்பது சாதாரணம். வருடம் இல்லாவிட்டால் பழைய படத்துக்குப் புதுப்படத்தின் போஸ்டர் ஒட்டிக்கொள்ளும். தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, ஒரு நெடிலுக்கு இரண்டு எழுத்தா ஒன்றா என்ற குழப்பத்தில் தேடல் தவறும். அந்தப் படத்துக்கு டிஎம்டிபி (TMDB) என்ற திரைப்பட விவரத் தளம் வைத்திருக்கும் எண்ணைச் சதுர அடைப்புக்குறிக்குள் [tmdbid-எண்] என்ற வடிவில் ஃபோல்டர் பெயரில் சேர்த்துவிட்டால் தவறவே தவறாது.

தொடர்கள் என்றால் தொடரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் சீசன் வாரியாக ஃபோல்டர்கள், கோப்புப் பெயரில் சீசன் எண்ணும் பகுதி எண்ணும். படங்களையும் தொடர்களையும் ஒரே நூலகத்தில் கலக்காதீர்கள். குடும்ப வீடியோக்களுக்குத் தனி நூலகம் வைத்து, இணையத்தில் விவரம் தேடுவதை அதற்கு நிறுத்திவிடுங்கள். மறந்தால் உங்கள் வீட்டு வளைகாப்பு வீடியோவுக்கு ஏதாவது ஒரு சினிமா போஸ்டர் வந்து உட்காரும்.

தமிழ் சப்டைட்டில் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். எஸ்ஆர்டி கோப்பு யூடிஎஃப்-8இல் சேமிக்கப்படவில்லை. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து அந்தக் குறியாக்கத்தில் சேமியுங்கள். அல்லது, சர்வர் எழுத்தைப் படத்தில் பதிக்கும்போது அதனிடம் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை சர்வரிலேயே நிறுவுங்கள்.

10. டிரான்ஸ்கோடிங்கைச் சோதியுங்கள்

ஜெல்லிஃபினின் பிளேபேக் பகுதியில் குயிக் சிங்கைத் தேர்ந்தெடுங்கள். என்100 போன்ற சிறு சிப்களில் 'லோ பவர் என்கோடிங்' விருப்பங்களையும் போட்டே ஆக வேண்டும். எச்டிஆர் படம் சாதாரணத் திரையில் வெளுத்துப்போய்த் தெரியாமலிருக்க டோன் மேப்பிங் விருப்பத்தையும் போடுங்கள். டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் முறையில்) ஓட்டுபவர்கள் கிராஃபிக்ஸ் சாதனத்தைக் கன்டெய்னருக்குள் கொடுக்கவும், ரெண்டர் குழுவில் பயனரைச் சேர்க்கவும் மறக்கிறார்கள். அமைப்பில் குறி போட்டிருந்தும் வேலை நடக்காததற்கு இதுவே காரணம்.

பிறகு கைப்பேசியில் ஒரு 4கே படத்தைத் திறந்து, தரத்தை வேண்டுமென்றே 4 மெகாபிட்டாகக் குறையுங்கள். நிர்வாகப் பக்கத்தில் டிரான்ஸ்கோடிங் என்று காட்டும். அப்போது பிராசஸர் சுமை கொஞ்சமாக இருந்தால் வன்பொருள் வேலை செய்கிறது. எல்லாக் கோர்களும் நூறு சதவீதம் என்றால் அது மென்பொருளில் திணறிக்கொண்டிருக்கிறது. தற்காலிகக் கோப்புகள் விழும் ஃபோல்டர் எஸ்எஸ்டியில் இருக்கிறதா, அதில் சில பத்து கிகாபைட் காலியா என்றும் பாருங்கள். அது நிறைந்தால் படம் பாதியில் நிற்கும், பிழைச்செய்தியும் விளங்காது.

11. வெளியூரிலிருந்து பார்க்க

ரௌட்டரில் 8096ஐ இணையத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனிப்பாதை போடும் டெய்ல்ஸ்கேல் அல்லது வயர்கார்டு வழியாக வாருங்கள். உங்கள் இணைய நிறுவனம் சிஜிநாட் முறையில் பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தந்தால் போர்ட் திறப்பது எப்படியும் பலிக்காது. டெய்ல்ஸ்கேல் அங்கும் ஓடும். வெளியே பார்க்கும் தரத்தைத் தீர்மானிப்பது வீட்டு இணைப்பின் அப்லோட் வேகம். அது 10 மெகாபிட் என்றால் ஒரு சமயத்தில் 1080பி ஒன்று, அவ்வளவுதான்.

12. மின்சாரம், பேக்கப், அப்டேட்

யானை வாங்கியவர் அங்குசத்துக்கு யோசிப்பது போல, டிஸ்குகளுக்குச் செலவழித்தவர்கள் யுபிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்கிறார்கள். மினி பிசி, டிஸ்க், ரௌட்டர் மூன்றுக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று போதும். யுஎஸ்பி கேபிள் உள்ளதாக வாங்கினால் நட் (NUT) என்ற இலவச மென்பொருள் மூலம் பேட்டரி தீருமுன் பெட்டி தானே ஒழுங்காக அணையும். பயாஸில் 'மின்சாரம் வந்ததும் தானே கிளம்பு' என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் படியில் கோடு போட்ட 'போனால் போனதுதான்' பட்டியலுக்கு மூன்று நகல்கள் இருக்கட்டும். அதில் ஒன்று வேறு வீட்டில். ஜெல்லிஃபினின் அமைப்பு, டேட்டாபேஸ் ஃபோல்டர்களையும் சேர்த்து நகலெடுங்கள், சர்வரை நிறுத்திவிட்டு. யார் எதை எதுவரை பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பெரிய பதிப்பு மாற்றம் வரும்போது அன்றே அப்டேட் செய்ய வேண்டாம், ஜெல்லிஃபின் 10.11இல் டேட்டாபேஸ் அமைப்பே மாறியது, பழைய பதிப்புக்குத் திரும்ப முன்பு எடுத்த நகல் இருந்தால்தான் முடியும். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு தாள். சர்வரின் ஐபி முகவரி, நிர்வாகி பெயர், கடவுச்சொல் இருக்கும் இடம், எந்த டிஸ்க் எந்தச் சீரியல் எண், வாரண்டி முடியும் தேதி, பெட்டியை ஒழுங்காக அணைக்கும் முறை. இவற்றை எழுதி சர்வரின் அடியிலேயே ஒட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத அன்று டிவி ஓடவில்லை என்றால், வீட்டில் இருப்பவர் தேடப்போவது அதைத்தான்.